அனுப்பியாச்சு என்று சொல்ல விடாதவர்

என் பாடக்குறிப்புகளின் முதல் பக்கத்தில் என் புகைப்படம் இருக்கும். தாடையில் விரல் வைத்து எதையோ தீவிரமாக யோசிப்பது போன்ற படம். என் மனைவி அதைப் பார்த்துவிட்டு, "பல்வலியா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகும் நான் அதை எடுக்கவில்லை. இரண்டாம் பக்கத்தில் முன்னுரை. மூன்றாம் பக்கத்தில் பெற்றோருக்கும் மற்றோருக்கும் நன்றி. நான்காம் பக்கத்தில்தான் பொருளியல் தொடங்கும். இப்படி ஒரு கோப்பைத் தயாரித்து வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு, ஊருக்கே அன்னதானம் செய்தவனைப் போல நாற்காலியில் சாய்ந்திருந்த ஒரு மதியம், எங்கள் துறை மேடம் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"சார், இரண்டாம் வருஷத்துக்கு நோட்ஸ் அனுப்பிட்டீங்களா?"

"அனுப்பியாச்சு மேடம்."

"பிள்ளைங்களுக்குத் திறந்துச்சா?"

அதை அவர்களிடம்தானே கேட்க வேண்டும், என்னிடம் கேட்டால் எப்படி என்று நினைத்தேன். அவர் ஏற்கெனவே கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தார். "உங்க போட்டோ வரைக்கும் வந்துச்சாம் சார். அதுக்கு மேல வரலையாம். நெட்டு தீர்ந்துபோச்சுன்னு சொல்லுதுங்க" என்றார். அவர் முகத்தில் கிண்டல் இல்லை. கிண்டல் செய்திருந்தால் நானும் சிரித்துத் தப்பித்திருப்பேன்.

திண்டுக்கல்லுக்கு வெளியே, புறவழிச்சாலையை ஒட்டி இருக்கும் கலைக்கல்லூரி எங்களுடையது. பொருளியல் துறையில் அவரும் நானும் ஆறு வருடம் எதிரெதிர் மேசை. வயதிலும் படிப்பிலும் கிட்டத்தட்ட சமம். வித்தியாசம் ஒன்றுதான். நான் நிரந்தரம். அவருக்கு ஒவ்வொரு ஜூனிலும் ஆணை வந்தால்தான் வேலை. கணவர் பேகம்பூர் பக்கம் ஒரு தோல் மண்டியில் இருந்தார். அங்கே சரக்கு வந்தால் சம்பளம், வராவிட்டால் வீட்டில் உட்கார வேண்டியதுதான். இரண்டு பெண்பிள்ளைகளின் பள்ளிக்கூடம் மேடத்தின் சம்பளத்தில்தான் ஓடியது. மே மாதம் பிறந்தால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு பேசிக்கொண்டே இருப்பார், பிறகு அப்படியே மூடிவிடுவார்.

அவருடைய கைப்பேசி அவருடைய தம்பி வேண்டாமென்று தூக்கிப் போட்டது. திரையில் குறுக்காக ஒரு விரிசல். உள்ளே இடமே இருக்காது. ஒரு படம் வந்தால் ஒரு படத்தை அழிக்க வேண்டும். தவணையில் நல்லதாக ஒன்று வாங்கலாமே என்று நான் ஒருமுறை சொன்னேன். "பிள்ளைங்க கையில என்ன இருக்கோ அதுதான் சார் என் கையிலயும் இருக்கணும். இல்லாட்டி அதுங்க கஷ்டம் எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். நான் அப்போதுதான் வாங்கிய புது மடிக்கணினியின் மூடியை மெதுவாகச் சாத்தினேன்.

ஜூன் மாதம் முதல் வகுப்பில் எல்லாரும் மாணவர்களின் பெயரைக் கேட்போம். அவர் போனைக் கேட்பார். தன் விரிசல் போனை மேசைமேல் வைத்து, "இதவிட மோசமா யாருகிட்டயாச்சும் இருக்கா?" என்பார். பிள்ளைகளுக்கு உற்சாகம் வந்துவிடும். என்னுடையதில் சத்தம் வராது, என்னுடையதில் பாதித் திரை கருப்பு என்று போட்டி போட்டு எடுத்துக் காட்டுவார்கள். கடைசியில் எது மிக மோசமோ அதுதான் அந்த வருடத்துக்கு வகுப்புத் தலைவர். அந்தப் போனில் திறக்காத எதுவும் அந்த வகுப்புக்குப் போகாது. அந்தப் போனுக்குச் சொந்தக்காரப் பிள்ளை வருடம் முழுவதும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரியும். நான் இதைப் பார்த்துவிட்டு என் வகுப்பிலும் கேட்டேன். என் மேசைமேல் இருந்த என் போனைப் பார்த்துவிட்டு ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

எனக்குத் தமிழ்த் தட்டச்சு நன்றாக வரும் என்ற கர்வம் ஒன்று உண்டு. நிலக்கோட்டையில் இன்ஸ்டிடியூட்டுக்குப் போய் முறையாகப் படித்தவன். கணினி வந்த காலத்தில் அதற்கேற்ற ஒரு பழைய எழுத்துருவைப் பிடித்துக்கொண்டேன். அந்த எழுத்துரு இருக்கிற இயந்திரத்தில் என் எழுத்து அச்சுப்புத்தகம் போல இருக்கும். இல்லாத இயந்திரத்தில் அத்தனையும் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் அடைப்புக்குறிகளுமாகச் சிதறிக் கிடக்கும். இது எனக்குத் தெரியாது. என் இயந்திரத்தில்தான் அழகாக இருந்ததே.

பணவீக்கம் பற்றிய என் குறிப்பை அப்படித்தான் அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து ஆயக்குடியிலிருந்து வரும் பையன் ஒருவன் நோட்டுடன் துறைக்கு வந்தான். கொய்யாத் தோப்புக்காரர் மகன், பணிவென்றால் அப்படி ஒரு பணிவு.

"ஏனுங்க சார், இதுல எந்தச் சூத்திரமுங்க பரீட்சைக்கு வரும்?"

நோட்டை வாங்கிப் பார்த்தேன். திரையில் தெரிந்த அத்தனை அரைப்புள்ளியையும் அடைப்புக்குறியையும் ஒன்றுவிடாமல், மார்ஜின் போட்டு, தலைப்புக்குச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டு, எழுதி வைத்திருந்தான். பொருளியலில் கணக்கு உண்டு என்று நான்தான் முதல் நாள் வகுப்பில் பயமுறுத்தியிருந்தேன். எதிர்மேசையில் இருந்து மேடம் எட்டிப் பார்த்தார். எனக்கு முகம் சுண்டிப்போனது. அவர் அந்தப் பையனிடம், "தம்பி, கையெழுத்து முத்து முத்தா இருக்குடா. இத அப்பிடியே வச்சுக்க. சார் இதோட உரை ஒண்ணு எழுதிக்கிட்டிருக்காரு, சாயங்காலம் வரும்" என்று சொல்லி அனுப்பினார். அன்று சாயங்காலத்துக்குள் அந்தக் குறிப்பு முழுவதையும் தானே தன் போனில் தட்டி, சின்னச் சின்னச் செய்திகளாக அனுப்பி முடித்தார். எந்தப் போனிலும் திறக்கும், ஏனென்றால் திறப்பதற்கு அதில் ஒன்றுமே இல்லை, வந்த உடனே படிக்கலாம்.

இன்னொரு முறை என் குறிப்புக்குக் கடவுச்சொல் போட்டேன். பக்கத்துக் கல்லூரிக்காரர்கள் என் உழைப்பைத் திருடிவிடுவார்கள் என்று எனக்கு ஒரு பயம். திருடும் அளவுக்கு அதில் என்ன இருந்தது என்று இப்போது யோசித்தால் பதில் கிடைக்கவில்லை. மேடம் போனைக் கொண்டுவந்து நீட்டினார்.

"பூட்டு நம்ம ஊரு பெருமைதான் சார், இல்லேங்கல. அதுக்காகப் பாடத்துக்குமா பூட்டு?"

"சாவி கேட்டால் கொடுப்பேனே மேடம்."

"கேக்கிற பிள்ளைக்குக் கொடுப்பீங்க. கேக்கக் கூச்சப்படுற பிள்ளை என்ன செய்யும்?"

அவருடைய இந்தக் குணம் பாடத்தோடு நிற்கவில்லை. ஊறுகாய் கொண்டுவந்தால் பாட்டில் மூடியை வீட்டிலேயே ஒருமுறை திறந்து, லேசாகத் திருகித்தான் கொண்டுவருவார். கல்யாணங்களுக்குப் பரிசைப் பளபளக் காகிதம் சுற்றாமல் கொடுப்பார். என் புதுமனைப் புகுவிழாவுக்கு நான் இசையோடு ஒரு வீடியோ அழைப்பிதழ் தயாரித்து எல்லாருக்கும் அனுப்பினேன். வானத்திலிருந்து பூ விழும், குத்துவிளக்கு தானாக எரியும், முகவரி கடைசியில் வரும். அதற்கு ஒரே ஒரு போன்தான் வந்தது, மேடத்திடமிருந்து. "சார், பூவெல்லாம் அழகா விழுதுன்னு என் மக சொல்றா, அவ ஃபிரெண்டு போன்ல பார்த்தாளாம். வீடு எங்க இருக்குன்னு மட்டும் ரெண்டு வரி எழுதி அனுப்புங்க, வந்துர்றேன்." விழாவன்று உறவினர்களில் பாதிப்பேர் பழைய வீட்டுக்குப் போய்விட்டு, பால் காய்ச்சி முடித்த பிறகு கோபத்தோடு வந்து சேர்ந்தார்கள். மேடம் காலையிலேயே டவுன் பஸ்ஸில் ஒரு குக்கரைக் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கவிட்டபடி வந்து இறங்கினார். அதன் விசில் கூட மாட்டித் தயாராக இருந்தது.

அவர் அனுப்பும் குறிப்பைப் பார்த்தால் ஒரு பேராசிரியர் தயாரித்தது போலவே இருக்காது. பெரிய எழுத்து. ஒரு பக்கத்துக்கு ஒரு விஷயம். பக்கவாட்டில் இழுக்க வேண்டியதில்லை. நான் ஒருமுறை, இன்னும் கொஞ்சம் கனமாக இருக்கலாமே என்றேன். "வேடசந்தூர் மில்லுக்குப் போற பிள்ளைங்க நாலு நம்ம கிளாஸ்ல இருக்கு சார். ஷிப்டு முடிஞ்சு மில் பஸ்ல ஏறுனா உக்கார இடம் இருக்காது. ஒரு கையில கம்பியப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு கைக் கட்டைவிரலால தள்ளித் தள்ளிப் படிக்கணும். நீங்க சொல்ற கனத்த அந்த விரல் தாங்காது" என்றார். அனுப்பிய பிறகு அவர் எழுந்து போகமாட்டார். 'வந்துச்சு மேடம்' என்று ஒவ்வொன்றாகப் பதில் வரும்வரை காத்திருப்பார். வராத பிள்ளைக்குப் போன் போடுவார். "என்னடா, சுத்திக்கிட்டே இருக்கா? செத்த வெளிய வந்து நில்லு. இப்ப? ஆங், வாசி பார்ப்போம்." முதல் வரியை அந்தப் பிள்ளை வாசித்துக் காட்டிய பிறகுதான் டீ குடிப்பார். எனக்கு அது கொஞ்சம் அதிகப்படியாகத்தான் பட்டது. பஸ்ஸைத் தவறவிட்டு நிற்பாரே என்று எரிச்சலும் வரும். ஆனால் தேர்வு சமயத்தில் என் பிள்ளைகளும் அவருடைய குறிப்பைத்தான் வாங்கிப் படிக்கிறார்கள் என்று தெரிந்தபோது, எரிச்சலை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

அவருடைய ஆறாவது வருடத்தில் கல்லூரிக்குப் புதிய விதி வந்தது. எல்லாப் பாடக்குறிப்பும் ஒரே வடிவத்தில், கல்லூரியின் இணையதளத்தில்தான் ஏற்றப்பட வேண்டும். பக்கத்தைச் சுற்றிப் பொன்னிறக் கரை, நடுவில் மங்கலாகக் கல்லூரி முத்திரை, மேலே கட்டிடத்தின் வண்ணப்படம். அந்த வடிவத்தை உருவாக்கும் பொறுப்பு யாருக்குப் போயிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. முத்திரையை முப்பரிமாணத்தில் செய்தது என் சொந்த யோசனை. ஆசிரியர் கூட்டத்தில் முதல்வர் தட்டிக்கொடுத்தார். அதே கூட்டத்தில் இன்னொன்றும் சொன்னார்: ஆண்டு ஆணையில் இருப்பவர்களுக்கு, இந்த வடிவத்தில் எத்தனை குறிப்பு ஏற்றியிருக்கிறார்கள் என்பதைப் பார்த்துத்தான் அடுத்த ஆணை.

நான் மேடத்தைத் திரும்பிப் பார்த்தேன். அவர் என் மாதிரிப் பக்கத்தைத் தன் போனில் திறக்க முயன்றுகொண்டிருந்தார். கட்டிடத்தின் மொட்டைமாடி மட்டும் வந்து நின்றிருந்தது.

மாதங்கள் போயின. அவர் பெயருக்கு நேராக ஒன்றும் ஏறவில்லை. கேட்டால், "பிள்ளைங்களுக்குத்தான் அனுப்பிட்டேனே சார்" என்பார். ஏப்ரலில் எனக்கே பயம் வந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து அவருடைய குறிப்புகளுக்கெல்லாம் நானே கரை கட்டி, முத்திரை போட்டு, அவர் பெயரைப் பொன்னெழுத்தில் பொறித்தேன். என் வாழ்நாளில் கற்ற வித்தையெல்லாம் ஒரு நல்ல காரியத்துக்குப் பயன்படுகிறதே என்று கொஞ்சம் பூரிப்பாகவும் இருந்தது. திங்கட்கிழமை அவருக்கு முன்னால் மடிக்கணினியைத் திருப்பி வைத்தேன்.

"மேடம், நீங்கள் ஒரு பொத்தானை அமுக்கினால் போதும். எல்லாம் ஏறிவிடும்."

ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. "எம்புட்டு வேலை சார் செஞ்சிருக்கீங்க" என்றார். பிறகு, நான் பயந்தபடியே, ஒன்றைத் தன் போனுக்கு அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

"திறக்கல சார்."

"இது பிள்ளைகளுக்கு இல்லை மேடம். ஆபீஸுக்கு மட்டும். அங்கே யாரும் திறந்து பார்க்கப்போவதில்லை, எண்ணிக்கைதான் பார்ப்பார்கள்."

"என் பேரு போட்டிருக்கே சார். என்னைக்காச்சும் ஒரு பிள்ளை என் பேரப் பார்த்துட்டு இத அமுக்கும்ல?"

எனக்குக் கோபம் வந்தது. உங்கள் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தை நினைத்துப் பாருங்கள் என்று சற்று உரக்கவே சொன்னேன். அவர் மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கட்டிடத்தை நீக்கினார். போனில் போட்டுப் பார்த்தார். முத்திரையை நீக்கினார். மறுபடி பார்த்தார். கரையை நீக்கியபோது திறந்தது. அப்போது திரையில் இருந்தது அவருடைய பழைய குறிப்பேதான். அதை ஏற்றினார். வடிவம் சரியில்லை என்று இணையதளம் சிவப்பில் திருப்பியனுப்பியது. மறுபடி ஏற்றினார். மறுபடியும் சிவப்பு.

சரி, முதல்வரிடமே பேசிவிடுவது என்று முடிவெடுத்தேன். எளிய வடிவத்தின் அவசியம் பற்றி ஒரு விளக்கப்படம் தயாரித்தேன். வரைபடங்கள், நகரும் அம்புக்குறிகள், பின்னணியில் மில் பஸ் ஒன்று இடமிருந்து வலமாகப் போகும். முதல்வர் அறைக் கணினியில் பென்டிரைவைச் செருகினேன். அது திறக்கவில்லை. வாயால் சொல்லியிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். நானோ கணினியை அணைத்துப் போடுவதிலேயே அந்த நேரத்தைக் கழித்தேன். முதல்வருக்கு வேறு கூட்டம் இருந்தது. "மெயில்ல அனுப்பிவிடுங்க சார், பார்க்கிறேன்" என்று எழுந்துவிட்டார். அனுப்பினேன். பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது. போய்க் கேட்டிருக்கலாம். அவராக இருந்தால் கேட்டிருப்பார்.

ஜூனில் கல்லூரி திறந்த மூன்றாம் நாள் மதியம், அலுவலகத்திலிருந்து ஆசிரியர் குழுவுக்கு ஒரு கோப்பு வந்தது. ஆணைகள், கால அட்டவணை எல்லாவற்றையும் ஒன்றாகச் சுருட்டி ஜிப் செய்து போட்டிருந்தார்கள். என் மடிக்கணினியில் உடனே திறந்தது. அதில் என்னதான் திறக்காது! புதுப்பிக்கப்பட்டவர்களின் பெயர்களில் மேடம் இல்லை. மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் பார்த்தேன். அட்டவணையில் அவருடைய வகுப்புகள் எல்லாம் என் பெயரில் இருந்தன.

ஆணை வரும் என்று வழக்கம்போல முதல் நாளிலிருந்தே வந்துகொண்டிருந்த அவர், எதிர்மேசையில் போனைத் தட்டிக்கொண்டிருந்தார். "ஆபீஸ்ல இருந்து என்னமோ வந்திருக்கு சார். திறக்கல" என்றார். வேறொரு நாளாக இருந்தால் இந்நேரம் அலுவலகத்துக்கே போய் நின்றிருப்பார். அன்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு டீ டம்ளரை எடுத்தார்.

"திறக்காட்டி என்ன இப்ப. நாளைக்குப் பார்த்துக்கலாம்."

ஆறு வருடத்தில் முதல் முறையாக, ஒரு கோப்பு திறக்காததில் அவருக்கு நிம்மதி இருந்தது.

"உங்களுக்குத் திறந்துச்சா சார்?"

"இல்லை மேடம். எனக்கும் திறக்கவில்லை."

டம்ளர் பாதி வழியில் நின்றது. அவர் என்னைப் பார்த்தார். பிறகு என் மடிக்கணினியைப் பார்த்தார். "உங்களுக்கா திறக்கல?" என்று மெதுவாகக் கேட்டார். என்னால் தலையைத் தூக்க முடியவில்லை.

"என் இரண்டாம் வருஷம் யாருக்கு சார்?"

"எனக்கு, மேடம்."

"அப்பச் சரி" என்றார். டீயைக் குடித்து முடித்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, போனை நிமிர்த்தி வைத்தார். "முதல் பாடம் தயாரா வச்சிருக்கேன். அனுப்பிட்டுக் கிளம்புறேன்."

"நான் அனுப்பிக்கொள்கிறேன் மேடம். நீங்கள் வீட்டுக்குப் போங்கள்."

"நீங்க அனுப்பிருவீங்க சார். திறக்கிறத யாரு பார்க்கிறது?"

அனுப்பினார். பதில்கள் வரத் தொடங்கின. ஒவ்வொரு 'வந்துச்சு மேடம்' வரும்போதும் பெயர்ப் பட்டியலில் ஒரு டிக். கல்லூரி பஸ்கள் எல்லாம் போய்விட்டன. வராண்டாவில் விளக்கைப் போட்டார்கள். நான் எழுந்து போக நினைக்கவே இல்லை. அவர் காதில் போனை வைத்துக்கொண்டு, "செத்த வெளிய வாம்மா, வேப்பமரத்துக்கிட்ட வந்து நில்லு" என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. எனக்குத்தான் கண்ணீர் வந்துகொண்டே இருந்தது.

அலுவலக உதவியாளர் அண்ணன் சாவிக்கொத்தோடு வாசலில் வந்து நின்றார். "என்ன சார், இன்னும் போகலையா? பூட்டணும்ல" என்றார்.

"செத்த இருங்கண்ணே" என்றேன் நான். "இன்னும் ஒரு பிள்ளைக்குத் திறக்கல."